அடுப்படிச் சுவரில் ஊறிய ஈரம்

எங்கள் அடுப்படிச் சுவரின் அடியில் ஈரம் ஊறுவதை முதலில் பார்த்தவள் நான்தான். நான் பார்க்காமல் அந்த வீட்டில் ஒரு துரும்பு அசையாது என்று அப்போதெல்லாம் எனக்கு ஒரு நினைப்பு.

அரிசி டின்னை நகர்த்தினேன். பின்னால் சுவர் உப்பி, பெயின்ட் தோல் தோலாக உரிந்து, தரையை ஒட்டிக் கறுப்பாக ஒரு கோடு ஓடியிருந்தது. விரலால் தொட்டு முகர்ந்து பார்த்தேன். சீச்சீ! மழைத்தண்ணீர் வாடையா அது? மழை எட்டிக்கூடப் பார்க்காத ஆவணி மாதம். அது பின்பக்கத்து செப்டிக் டேங்கின் வாடை. 

சிவகாசியில் எங்கள் மனை கையகலம்தான். கொல்லையில் செப்டிக் டேங்க், அதை ஒட்டி அடுப்படி, அடுப்படிக்கு அந்தப் பக்கம் சம்ப். குழாய்த் தண்ணீர் வருகிற நாளில் பிடித்துவைத்து, அடுத்து வரும்வரை நாங்கள் குடிப்பதும் சமைப்பதும் அந்தத் தரைத்தொட்டித் தண்ணீரில்தான். கழிவு சுவரின் இந்தப் பக்கம் எட்டிப்பார்த்துவிட்டது என்றால் அந்தப் பக்கம் போவதற்கு எவ்வளவு நேரம் ஆகும்?

மற்ற காலமாக இருந்தால் வாய்க்கு வந்தபடி திட்டிக்கொண்டே நாளை ஓட்டியிருப்பேன். ஆனால் அப்போது முன்னறையில் என் மகள் தலைப்பிரசவம் முடிந்து பச்சைப்பிள்ளையோடு படுத்திருந்தாள். ஐந்தாம் மாதம் வரைக்கும் பிள்ளை எங்களோடுதான் என்று பேச்சு. விருதுநகரில் இருக்கும் சம்பந்தியம்மாவுக்கு அதில் துளியும் மனசில்லை. பேரனை இப்போதே தூக்கிக்கொண்டு போக ஒரு சாக்குக் கிடைக்காதா என்று இருந்தார்கள். தண்ணீர் சரியில்லை என்று அவர்கள் காதில் விழுந்தால் போதும், மறுநாள் வாசலில் கார் நிற்கும். எனக்கோ அந்தப் பிள்ளையை அனுப்ப மனசே கிடையாது. வேலை முடிந்து வந்ததும் அவனை மடியில் போட்டுக்கொண்டால்தான் எனக்கு மூச்சு வரும். அதனால் மகளிடம்கூட உள்ளதைச் சொல்லவில்லை. "குழாய்த் தண்ணி கலங்கலா வருது தாயி" என்று சொல்லி, பிள்ளையைக் குளிப்பாட்டுவதற்கும் கேன் தண்ணீர் வாங்கிவைத்துவிட்டு, ஒழுகவிட்டது யார் என்று தேடக் கிளம்பினேன்.

எனக்கு முதல் சந்தேகம் மாடியில் குடியிருந்தவள் மேல். துணிக்கடை வைத்திருக்கும் ஒரு சாயபு குடும்பம் அது. புருசன் காலையில் கடைக்குப் போனால் இரவுதான் வருவார். அவள் பிள்ளைகளோடு வீட்டில் இருப்பாள். வந்த புதிதில் நல்ல கலகலப்பு. நோன்புக் கஞ்சி என்றால் முதல் தூக்குவாளி எனக்குத்தான் இறங்கிவரும். அப்படிப்பட்டவள் கொஞ்ச நாளாகவே ஆள் சரியில்லை. கொல்லையைப் பார்த்திருக்கும் அவளுடைய சமையலறை ஜன்னலைச் சாத்தி, கண்ணாடியில் ஒரு பழைய மாதக் காலண்டர் தாளை ஒட்டிவிட்டாள். அதோடு விட்டாளா? அடுப்பையும் சிலிண்டரையும் தூக்கிக்கொண்டு முன்கூடத்தில் வைத்துச் சமைக்கத் தொடங்கினாள். சமையலறை இருக்க, எவளாவது கூடத்தில் உட்கார்ந்து குழம்பு தாளிப்பாளா? கேட்டால், "அங்கன புழுக்கமா இருக்குக்கா" என்றாள். கொல்லையில் பந்து விளையாடிக்கொண்டிருந்த பிள்ளைகளையும் கீழே விடுவதில்லை.

இதற்கு நடுவில் ஒருநாள் போலீஸ்காரர் ஒருவர் வண்டியை எங்கள் வீட்டு முன் நிறுத்திவிட்டு, மாடி வீட்டைக் கேட்டுக்கொண்டு வந்தார். அவளுடைய தம்பி வெளிநாடு போகிறானாம், பாஸ்போர்ட் விசாரணையாம். அவள் சொன்னாள், நான் நம்பவில்லை. பாஸ்போர்ட் என்றால் முகம் ஏன் அப்படி வெளிறிப்போக வேண்டும்? போலீஸ்காரர் மாடிப்படி ஏறும்போது இவள் ஜன்னல் தாளின் ஓரத்தை விலக்கி எட்டிப்பார்க்கிறாள். அதுவும் படியை இல்லை, எங்கள் கொல்லையை. அன்றைக்கே குறித்துவைத்துக்கொண்டேன், இவளிடம் என்னவோ இருக்கிறது என்று.

என் வீட்டுக்காரரிடம் சொன்னேன். அவர் எதற்கும் வாய் திறக்காத மனிதர். ஏழாயிரம்பண்ணைப் பக்கம் ஒரு பட்டாசுக் கம்பெனியில் மருந்தறையில் பல வருசம் வேலை. அந்த யூனிட்டுக்கு சீல் வைத்த பிறகு காலையில் அவரை ஏற்றிப்போக வேன் வருவது நின்றுபோனது. நான் பிரஸ்ஸில் காலண்டருக்குத் தகரம் அடிக்கப் போய்விடுவேன். அவர் வீட்டில் இருந்து மகளுக்கு வெந்நீர் வைத்துக் கொடுத்து, பிள்ளையின் துணிகளை அலசிப் போட்டு, ஆணென்றும் பார்க்காமல் அத்தனை வேலையும் செய்தார். பிள்ளை அழுதால் தோளில் போட்டுக்கொண்டு தெருவை அளப்பார். பக்கத்து வீடுகளில் என்னிடம், "உனக்கு வாய்ச்ச மாதிரி வருமா" என்பார்கள். எனக்கு அதில் கொஞ்சம் தலைக்கனம் உண்டு.

"மேல்வீட்டுக்காரி என்னமோ செய்றா. அவ பைப்புதான் ஒழுகுது" என்றேன்.

"அவுகளை ஏன் இழுக்க? கொத்தனாரக் கூப்பிட்டு வெளிய ஒரு பூச்சுப் பூசச் சொல்லுவோம்" என்றார்.

கொத்தனார் வந்தார். எங்கள் வீட்டைக் கட்டியவரே அவர்தான். சுவரைத் தட்டினார், காதை வைத்துக் கேட்டார், டாக்டர் மாதிரி முகத்தை வைத்துக்கொண்டு, "அக்கா, இது வெடி அதிர்ச்சி" என்றார். "போன மாசம் அங்கன ஒரு யூனிட்டுல வெடிச்சதுல்லா? அந்த அதிர்வுல டேங்கு சுவர் விட்டிருச்சு. உள்ள பூராம் கொத்திட்டு மறுபடி பூசணும்."

எங்கள் ஊரில் இது ஒரு வசதி. சுவரில் விரிசலா, வெடி அதிர்ச்சி. கதவு இறுக்குகிறதா, வெடி அதிர்ச்சி. கட்டியவன் மணலை அள்ளிப்போட்டு சிமெண்டைத் தடவிவிட்டுப் போயிருந்தாலும் பழி வெடிமேல்தான். சுற்றியுள்ள பத்துத் தெருவிலும் வேறு டேங்க் கிடையாதா, என்னுடையது மட்டும்தான் விட்டுப்போக வேண்டுமா? கட்டின ஆளே வந்து பார்த்தால் கட்டினதில் குறை என்று சொல்லுவாரா? அவர் மேலும் எனக்குச் சந்தேகம் வந்துவிட்டது.

"மூடியத் திறந்து பாத்தீகளா?" என்று கேட்டேன்.

அவர் பதில் சொல்வதற்குள் என் வீட்டுக்காரர் முந்திக்கொண்டார். "மூடியெல்லாம் இப்பத் திறக்க வேண்டாம். பச்சைப்பிள்ளை இருக்கிற வீடு. வாடை ஆகாது. வெளிய மட்டும் பூசினாப் போதும்."

பிள்ளை மேல் எவ்வளவு அக்கறை பாரேன் என்று நினைத்து நானும் அதற்கு மேல் பேசவில்லை. கொத்தனார் அடுப்படிச் சுவரில் ஒரு முழம் உயரத்துக்குப் பூசிவிட்டுப் போனார். சிமெண்ட் காய்வதற்குள் அதன் ஓரத்திலேயே கறுப்பு மறுபடியும் எட்டிப்பார்த்தது.

சரி, இனி எவனையும் நம்பிப் புண்ணியமில்லை, நானே பார்க்கிறேன் என்று இறங்கினேன். வெள்ளைத் துணிக்குப் போடும் நீலப் பாட்டிலை முந்தானையில் மறைத்துக்கொண்டு மாடிக்குப் போனேன். "குழாய் சொட்டுதான்னு பாக்கணும்" என்று ஒரு பொய்யைச் சொல்லிவிட்டு அவளுடைய கக்கூஸுக்குள் நுழைந்து, பாட்டிலைக் கவிழ்த்து, வாளி வாளியாகத் தண்ணீர் ஊற்றினேன். அவள் பைப்பு ஒழுகினால் சுவரில் நீலம் தெரியாமலா போகும்? கீழே ஓடிவந்து அடுப்படியில் சம்மணம் போட்டு உட்கார்ந்துகொண்டேன். சோறு பொங்கி வழிந்ததுகூடத் தெரியவில்லை. நீலம் வரவே இல்லை. மாடியிலிருந்து இறங்கும் குழாயை மேலிருந்து கீழ்வரை தடவிப் பார்த்தேன். ஒரு சொட்டு ஈரம் இல்லை. எனக்குச் சப்பென்று ஆகிவிட்டது. அவள் பைப்பு ஒழுகவில்லையே என்று வருத்தப்பட்டவள் நானாகத்தான் இருப்பேன்.

அப்புறம்தான் வெளியே போய் வாறுகாலை, அதுதான் தெருச் சாக்கடையை, பார்த்தேன். எங்கள் தெருவில் செப்டிக் டேங்கில் தெளிந்து வழியும் தண்ணீர் ஒரு குழாய் வழியாக வாறுகாலில் விழும். எப்போதும் சொட்டிக்கொண்டேதான் இருக்கும். அந்தக் குழாயின் வாய் காய்ந்து, எறும்பு ஊர்ந்துகொண்டிருந்தது.

அதைப் பார்த்ததும் தலையில் ஒரு பொறி தட்டியது. வீட்டுக்காரர் டீக்கடைக்குப் போன நேரமாகப் பார்த்து, கடப்பாரையால் டேங்கின் சின்ன மூடியை நெம்பி ஓரமாகத் தள்ளினேன். மூக்கைப் பொத்திக்கொண்டு தூரத்தில் நின்றே எட்டிப்பார்த்தேன். விளிம்புவரை முட்டிக்கொண்டு நின்றது. குடம் ஒழுகினால் தண்ணீர் குறையத்தானே செய்யும்? டேங்கு சுவர் விட்டிருந்தால் மட்டம் இறங்கியல்லவா இருக்க வேண்டும்? இது வெளியே போக வழியில்லாமல் மேலே ஏறி, மூடுபலகைக்கும் சுவருக்கும் நடுவில் இருக்கும் இணைப்பு வழியாக அடுப்படிக்குள் வந்துகொண்டிருக்கிறது. விரிசலும் இல்லை, வெடியும் இல்லை. வெளியேறும் குழாயின் வாயை எதுவோ அடைத்திருக்கிறது. எவரோ எதையோ உள்ளே போட்டிருக்கிறார்கள்.

எங்கள் பிள்ளைக்கு நாங்கள் கட்டுவது பழைய வேட்டித்துணி. டயப்பர் கட்டுகிற சின்னப்பிள்ளை இருப்பது மாடியில். அகப்பட்டுக்கொண்டாளா இல்லையா? போனில் கழிவு உறிஞ்சும் லாரிக்குச் சொன்னேன், கொத்தனாரை வரச்சொன்னேன், கையோடு மாடிக்கும் ஏறினேன்.

"இந்தா பாரு, நாளைக்கு வண்டி வருது. உள்ள இருந்து டயப்பர் வந்துச்சோ, அடுத்த மாசம் நீ இந்த வீட்ல இல்ல" என்றேன்.

அவள் டயப்பரைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. "நாளைக்கா? டேங்கைத் திறக்கப் போறீகளா?" என்றாள். முகம் செத்துப்போனது. "அக்கா, நான் ஒண்ணு சொன்னாக் கேப்பீகளா? வர்ற ஆளுக பீடி, சிகரெட் பத்தவைக்காமப் பாத்துக்கோங்க. கொல்லைப் பக்கம் யாரும் தீக்குச்சி கிழிக்க வேணாம். அல்லாக்காகச் சொல்றேன்."

கழிவு வாயு தீப்பிடிக்கும் என்று எங்கேயோ கேட்டிருப்பாள் என்று எண்ணினேன். இவ்வளவு தெரிந்தவள் டயப்பரை ஏன் போட்டாள் என்று இன்னும் கொஞ்சம் எரிச்சல்தான் வந்தது.

வண்டி வருகிறது என்று சொன்னதிலிருந்து என் வீட்டுக்காரரும் நிலைகொள்ளவில்லை. "இன்னும் ஒரு வாரம் பொறு" என்றார். "மக ஊருக்குப் போன பெறகு பாப்போம்" என்றார். மகள் ஊருக்குப் போகக்கூடாது என்றுதானே நான் இவ்வளவு பாடும் படுகிறேன்! "உங்களுக்கு என்ன கேடு? பேரன் குடிக்கிற தண்ணில இது கலக்கட்டும்னு சொல்றீகளா?" என்று ஒரு கத்துக் கத்தினேன். அவர் எழுந்து போய்க் கொல்லை அறைப் பூட்டை இழுத்துப் பார்த்துவிட்டு வந்தார். டேங்கை அடுத்து, பழைய சாமான் போடும் அறை ஒன்று உண்டு, அதை ஒட்டி யாரும் அதிகம் புழங்காத ஒரு கக்கூஸும். எலி வருகிறது என்று சொல்லி அறைக்குப் பூட்டுப் போட்டு சாவியை இடுப்பில் வைத்திருந்தார். அவரைப் போய் யார் சந்தேகப்படுவார்கள்?

மறுநாள் லாரி வந்தது. உள்ளே எவரும் இறங்கக்கூடாது என்று நான் முதலிலேயே சொல்லிவிட்டேன். இறங்குவதற்கு வண்டிக்காரரும் தயாராக இல்லை. மகள் இருந்த அறையின் கதவைச் சாத்தி ஊதுவத்தி கொளுத்தப் போனவள், மேல்வீட்டுக்காரி கெஞ்சினது நினைவுக்கு வந்து, கொளுத்தாமல் வைத்துவிட்டேன். ஓஸை விட்டு உறிஞ்சினார்கள். தெருவே மூக்கைப் பொத்தியது. டேங்கு காலியானதும் கொத்தனார் மேலே நின்றபடியே, நுனி வளைத்த ஒரு நீளக் கம்பியை விட்டு வெளியேறும் குழாயின் வாயைத் துழாவினார். "அடைப்புத்தான் அக்கா. நான் அன்னைக்கே நினைச்சேன்" என்றார். நினைத்தாராம்! கம்பியில் என்னவோ சிக்கியது. ஆட்டி ஆட்டி இழுத்தார். வெளியே வந்து தரையில் சொத்தென்று விழுந்தது.

டயப்பர் இல்லை. நூல். கத்தை கத்தையாக, கஞ்சிப்பசையில் ஊறி, கன்னங்கரேல் என்று சடை பிடித்துப்போன நூல்.

கொத்தனார் கம்பியைப் போட்டுவிட்டுப் பின்னால் நகர்ந்தார். "அக்கா, இது கருந்திரில்லா" என்றார்.

எங்கள் பக்கத்தில் பிறந்தவர்களுக்கு அது என்னவென்று சொல்லித் தர வேண்டியதில்லை. கருந்திரி. பட்டாசுக்கு வைக்கிற, மருந்து ஏற்றிய திரி. லைசென்ஸ் இல்லாமல் வீட்டில் வைத்து அதைச் செய்வதும், போலீஸ் பிடிப்பதும், ஒரு பொறி பட்டு வீட்டோடு எரிந்துபோவதும் இங்கே அடிக்கடி கேட்கிற செய்தி. நனைந்து கிடக்கிறவரை அது வெறும் சகதி. காய்ந்ததோ அவ்வளவுதான். லாரிக்காரர் ஓஸைச் சுருட்டினார், வண்டியை எடுத்தார், போய்விட்டார்.

எனக்குத் தலைக்கு மேல் ஏறியது கோபம். என் வீட்டு மாடியில் இருந்துகொண்டு, என் பேரப்பிள்ளை தலைக்கு மேலேயே திரி செய்கிறாளா? போலீஸ் வந்ததும், முகம் வெளுத்ததும், ஜன்னலைச் சாத்தினதும் ஒன்றோடு ஒன்று ஒட்டிக்கொண்டு அப்படியே புரிந்துவிட்டது. அந்த ஈரக் கத்தையை ஒரு வாளியில் போட்டுத் தூக்கிக்கொண்டு படி ஏறினேன்.

"என்னடி இது? கொலைகாரி! பச்சைப்பிள்ளை இருக்கிற வீட்ல என்ன காரியம்டி பண்ணியிருக்க? உனக்கும் பிள்ளை குட்டி இல்ல?"

அவள் திருப்பிக் கத்தவில்லை. என் கையைப் பிடித்துச் சமையலறைக்குள் கூட்டிக்கொண்டு போனாள். காலண்டர் தாளைக் கிழித்து எறிந்து ஜன்னலைத் திறந்தாள். "இங்கன நின்னு நீங்களே பாருங்கக்கா" என்றாள்.

நேர் கீழே எங்கள் கொல்லை. அந்த அறையின் கதவுக்கு முன்னால், கதவை முதுகால் மறைத்துக்கொண்டு, என் வீட்டுக்காரர் நின்றார். கொத்தனார் அவரிடம் என்னவோ கேட்டுக்கொண்டிருந்தார். இவர் தலை குனிந்திருந்தார்.

"அண்ணன்தான்க்கா. நீங்க வேலைக்குப் போனதும் கதவைச் சாத்திட்டு உள்ள இருப்பாக. ஒருநாள் வெயிலுக்கு வெளிய கொண்டாந்து போட்டப்ப நான் பாத்துட்டேன். இங்கன தாளிச்சு ஒரு பொறி பறந்தாப் போச்சேன்னுதான் அடுப்பை முன்னால மாத்துனேன். எங்க தம்பிக்கு விசாரணைக்கு வந்த போலீஸைப் பாத்து, தன்னையத் தேடித்தான் வந்துருக்குன்னு நினைச்சு, வாளி வாளியாத் திரியை அந்த ரூமை ஒட்டின கக்கூஸ்ல கொட்டுனாக. நான் எப்படிக்கா உங்ககிட்டச் சொல்ல? சொன்னா நம்புவீகளா? என்னையத்தானே ஏசுவீக?"

ஏசித்தான் இருப்பேன். அதுதான் ஏசிக்கொண்டு நிற்கிறேனே.

நான் எப்படிப் படி இறங்கினேன் என்று தெரியவில்லை. கொத்தனார் என்னைப் பார்த்ததும், "நான் ஒண்ணும் பாக்கல அக்கா, நாளைக்கு வந்து குழாயை மாத்திக் குடுக்கேன்" என்று நழுவிவிட்டார். நான் கையை நீட்டினேன். என் வீட்டுக்காரர் இடுப்பிலிருந்து சாவியை எடுத்துக் கொடுத்தார்.

உள்ளே குறுக்கும் நெடுக்குமாகக் கயிறு. அதில் நூல் வரிசையாகத் தொங்கிக்கொண்டிருந்தது. மூலையில் ஒரு சட்டி. நான் தேடித் தேடி, மேல்வீட்டுப் பிள்ளைகள் எடுத்திருப்பார்கள் என்று முடிவு கட்டியிருந்த என் கஞ்சிச் சட்டி. அந்த அறையின் சுவருக்கு அந்தப் பக்கம் அடுப்படி. அதை அடுத்து பிள்ளை தூங்குகிற அறை. நான் வாசலிலேயே உட்கார்ந்துவிட்டேன்.  பயத்தில் அழுகை வந்தது, ஆத்திரத்திலும் வந்தது.

"எதுக்குய்யா? சோத்துக்கு இல்லாமலா போச்சு? நான் சம்பாதிக்கல?"

கயிற்றில் தொங்கிய நூலையே பார்த்துக்கொண்டு நின்றார். அப்புறம் சொன்னார். "மகளை அனுப்பும்போது பேரனுக்கு இடுப்புக்கு அரைஞாண், கழுத்துக்குச் சங்கிலி போட வேண்டாமா? தலைப்பிள்ளை. தாத்தன் ஒண்ணும் போடலைன்னு நாளைக்கு அவனைத்தான குத்திக் காட்டுவாக. எனக்கு வேற என்ன வேலை தெரியும்? சீசன்ல திரிக்கு ஆள் இல்லைன்னு கூப்பிட்டாக."

"அந்த இடுப்பு இருந்தாத்தானய்யா அரைஞாண் கட்ட!" என்று கத்தினேன். முன்னறையில் பிள்ளை விழித்துக்கொண்டு அழுதான். "அப்பா, தூக்குங்கப்பா" என்று மகள் கூப்பிட்டாள். இவர் போகத் திரும்பினார். "தொடாதீக அவனை" என்றேன். அப்படியே நின்றுவிட்டார். அப்படி ஒரு வார்த்தையை அவரிடம் நான் சொல்லுவேன் என்று அவரும் நினைத்திருக்கமாட்டார், நானும் நினைத்ததில்லை.

அன்று அந்த அறையில் இருந்த எல்லாவற்றையும் தண்ணீரில் நனைத்தோம். அதை எப்படி ஒழிக்க வேண்டும் என்று அவருக்குத் தெரியும். அவர் செய்தார், நான் பக்கத்திலேயே நின்று ஒவ்வொன்றையும் பார்த்தேன். மறுநாள் கொத்தனார் வந்து குழாயின் வாயை மாற்றினார், மூடுபலகையின் இணைப்பைச் சுற்றிலும் சிமெண்ட் வைத்து இறுக்கினார். வாறுகாலில் தண்ணீர் பழையபடி சொட்டியது. சம்பை இறைத்து, தேய்த்துக் கழுவி, பிளீச்சிங் பவுடர் போட்டு, புதுத் தண்ணீர் பிடித்தோம். சுவர் மெல்ல வெளுத்தது. எதற்காக ஓடினேனோ அது முடிந்துவிட்டது. பிள்ளை ஐந்தாம் மாதம் வரை தாராளமாக இருக்கலாம்.

மேல்வீட்டுக்காரியிடம் மன்னிப்பு என்றெல்லாம் கேட்க எனக்கு வாய் வரவில்லை. "அடுப்பை அது இருந்த இடத்துலயே வச்சுக்கோ தாயி, இனி ஒண்ணும் இல்ல" என்றேன். அவள் என்னைப் பார்த்தாள். "கொஞ்ச நாள் இங்கனயே இருக்கட்டும்க்கா" என்றாள்.

அவள் சொன்னது என் மனசில் குத்திக்கொண்டு நின்றது. அவளே நம்பவில்லை, நான் எதை நம்பி இருக்கிறேன்? இனிமேல் செய்யமாட்டேன் என்று பிள்ளையின் தலைமேல் சத்தியம் செய்யாத குறையாகச் சொன்னார். ஆனால் எலி என்று சொன்ன அதே வாய்தானே? நான் வேலைக்குப் போனால் வீட்டில் யார் இருக்கிறார்கள்? வேலையை விட்டால் யார் சோறு போடுவது? தகரம் அடிக்கும்போது கை வேலை செய்யும், மனசு வீட்டுக் கொல்லையில் நிற்கும். ஒருநாள் பிரஸ்ஸுக்குப் பக்கத்தில் எங்கேயோ டமார் என்று ஒரு சத்தம். யாரோ இரும்பு ஷட்டரை இறக்கியிருக்கிறார்கள். நான் கையில் இருந்ததைப் போட்டுவிட்டு வீடுவரை ஓடினேன். மகள் பிள்ளைக்குப் பால் கொடுத்துக்கொண்டிருந்தாள்.

அன்று சாயங்காலம் நானே மாப்பிள்ளைக்குப் போன் போட்டேன். "மாப்பிள்ளை, இங்கன செப்டிக் டேங்கு ஒழுகுது. தண்ணில கலக்குது. வந்து ரெண்டு பேரையும் கூட்டிட்டுப் போயிருங்க."

திரி விசயத்தை மகள் காதுக்கு நாங்கள் கொண்டுபோகவே இல்லை, அதனால் அவளுக்கு ஒன்றும் புரியவில்லை. "கொத்தனார் சரியாயிருச்சுன்னு சொல்லிட்டுப் போனாரேம்மா? சுவர்கூடக் காஞ்சிருச்சே?"

"கொத்தனார் பேச்சைக் கேப்பியா, என் பேச்சைக் கேப்பியா? உள்ளுக்குள்ள ஒழுகிட்டுத்தான் இருக்கு" என்று எரிந்து விழுந்தேன். அவள் கண் கலங்கிவிட்டது. நான் துரத்துகிறேன் என்று நினைத்திருப்பாள். அவர் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு தூணோரம் நின்றார். மறுநாள் கார் வந்தது. சம்பந்தியம்மா முகத்தில் அப்படி ஒரு வெளிச்சம். பிள்ளையின் துணிகளை மடித்துப் பைக்குள் வைத்தவர் என் வீட்டுக்காரர்தான். பையைக் காரில் வைத்துவிட்டு, பிள்ளையைப் பார்க்காமல் உள்ளே போய்விட்டார். அரைஞாணும் இல்லை, சங்கிலியும் இல்லை. வெறும் இடுப்போடு என் பேரன் போனான்.

அதற்குப் பிறகு என் புத்தி முழுக்க அவர் மேல்தான். கழற்றிப் போட்ட சட்டையை முகர்ந்து பார்ப்பேன். சாப்பிடும்போது நகக்கண்ணைப் பார்ப்பேன். மத்தியானம் திடீரென்று பிரஸ்ஸில் சொல்லிவிட்டு வீட்டுக்கு வந்து நிற்பேன். அவர் அயர்ந்து தூங்கிக்கொண்டிருந்தாலும் கொல்லை அறையைத் திறந்து பார்க்காமல் திரும்பமாட்டேன். அவர் கோபப்படவே இல்லை. அதுவும் எனக்குச் சந்தேகமாகத்தான் இருந்தது.

பொங்கல் நெருங்கியபோது மாப்பிள்ளை போன் செய்தார். என் வீட்டுக்காரர்தான் எடுத்து ஸ்பீக்கரில் போட்டார். "மாமா, அந்த ஒழுக்கு சரியாயிருச்சா? பொங்கலுக்கு ரெண்டு பேரையும் கொண்டாந்து விடட்டுமா? நாலு நாள் இருக்கட்டும்."

 பேரன் படத்தைப் போனில் பார்த்துப் பார்த்து உருகுகிற மனிதர். சரியாயிருச்சு, கூட்டிட்டு வாங்க என்றுதான் சொல்லுவார், சொல்லட்டும், அப்புறம் வைத்துக்கொள்கிறேன் என்று முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

"இன்னும் சரியாகல மாப்பிள்ளை" என்றார். "கொஞ்ச நாள் போகட்டும்."

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. போனைக் கையால் பொத்திக்கொண்டு, "ஏன் அப்படிச் சொன்னீக?" என்றேன்.

"முந்தாநாள் டீக்கடைக்கு, திரிக்குக் கூப்பிட்ட அந்த ஆளு வந்தான். கோயில் கொடைத் திருவிழாவுக்கு வெடி ஆர்டர் இருக்கு, வேற இடம் பாத்துத் தாறேன்னான். முடியாதுன்னு மூஞ்சிக்கு நேரே சொல்லியிருக்கணும். யோசிச்சுச் சொல்றேன்னு சொல்லிட்டு வந்துட்டேன்." என்னை நிமிர்ந்து பார்த்தார். "பிள்ளை வந்து அந்த வெறும் கழுத்தைப் பாத்தேன்னு வையி, சரின்னுருவேன்."

போனில் மகள், "அம்மா, அம்மா, அப்பா என்ன சொல்றாக? நீ சொல்லும்மா" என்று கூப்பிட்டுக்கொண்டிருந்தாள். பின்னால் பிள்ளை என்னவோ மழலையில் கத்திக்கொண்டிருந்தான். நான் போனை வாங்கினேன்.

"அப்பா சொல்றது நெசந்தான் தாயி" என்றேன். "இன்னும் ஆகல."